கிளாரினெட் பெட்டிக்குள் அடைபடும் காற்று

கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, வெல்வெட் குழிகளில் பொருத்தி, கொக்கியை மாட்டிவிட்டால் கருவி பத்திரம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கீழே விழுவது, தூசி, வெயில், விளையாட்டுப் பிள்ளைகளின் கை ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரிதான். ஆனால் பழுதுபார்ப்பவரின் மேசைக்குக் கருவி எதனால் வருகிறது என்று பார்த்தால் கதை வேறு. மேல்துண்டில் விரிசல், வீங்கிப்போன பேட், துருவேறி ஒடிந்த ஸ்பிரிங், கழன்று ஆடும் வளையம், மவுத்பீஸுக்குள் பூஞ்சை என்று நீளும் பட்டியலில் பெரும்பாலானவை ஈரத்தின் வேலை. ஈரத்தைப் பெட்டி தடுப்பதில்லை. தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வெளியே நடக்கும் மாற்றம் உள்ளே வந்துசேர நாளாகும். உள்ளே வைத்து அடைத்த ஈரம் வெளியேறவும் அதே அளவு நாளாகும். ஒரே குணம் ஒரு பக்கம் காவலாகவும் மறுபக்கம் கேடாகவும் வேலை செய்கிறது. கிளாரினெட் பராமரிப்பைப் பற்றி உலவும் அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது இந்த இரட்டைத்தன்மையைக் காணாததால்தான். அதைக் கண்டுகொண்டால் எந்த அறிவுரை எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். 1700ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியதாகக் கருதப்படும் இந்தக் கருவி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் பாக்ஸ்வுட் என்ற வெளிர்மஞ்சள் மரத்தில்தான் செய்யப்பட்டது. அந்த மரம் ஈரம் பட்டால் வளையும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கிளாரினெட்டுகள் பல இலேசாகக் கோணியிருப்பதற்கு அதுவே காரணம். பின்னர் வந்தது கிரெனடில்லா எனப்படும் ஆப்பிரிக்கக் கருமரம். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் இது நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அடர்த்தியான மரம் ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும். ஆனால் உறிஞ்சாமல் இருக்காது. எந்த மரமும் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தனக்குள் நீரை வைத்துக்கொள்கிறது. பொதுவான மரங்களுக்கு, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தில் எடைக்கு ஏறக்குறைய 6 சதவீதம் நீர் நிற்கும். 80 சதவீதமானால் 16 வரை போகும். நீர் ஏறினால் மரம் பருக்கும், இறங்கினால் சுருங்கும். இந்தப் பருத்தலும் சுருங்கலும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. நீளவாட்டில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் நடப்பது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் நடப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆகவே வட்டமாகக் கடைந்த துளை, ஈரம் மாறும்போது நீள்வட்டமாகிறது. மரத்தின் மேல் இறுக்கியிருக்கும் உலோக வளையம் மாறுவதில்லை; மரம் சுருங்கும்போது அது கழல்கிறது. மரம் பருக்கும்போது மூட்டுகள் இறுகிக்கொள்கின்றன. பலம் கொடுத்துப் பிரிக்கப் போய்க் கீ வளைகிறது.

விரிசலின் காரணத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஈரம் அதிகமானதால் விரிசல், அல்லது குறைந்ததால் விரிசல் என்று இரண்டில் ஒன்றைச் சொல்வது வழக்கம். உண்மையில் பிளப்பது வித்தியாசம்தான். வாசிக்கும்போது துளையின் உட்சுவர் மூச்சின் வெப்பத்திலும் ஈரத்திலும் பருக்கிறது. வெளிப்புறம் காய்ந்தும் குளிர்ந்தும் இருந்தால் அது பருக்க மறுக்கிறது. உள்ளே தள்ளுகிறது, வெளியே இழுபடுகிறது. அந்த இழுவிசை மரத்தின் தாங்குதிறனைத் தாண்டும் இடத்தில், பெரும்பாலும் மேல்துண்டில், துளைகள் நெருங்கியிருக்கும் பகுதியில் கோடு விழுகிறது. புதுக் கருவியை முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்குக் கொஞ்ச நேரம் மட்டுமே வாசிக்கச் சொல்வதும் இதனால்தான்: உட்சுவரில் சேர்ந்த ஈரம் பக்கவாட்டில் பரவ அவகாசம் வேண்டும். ஆகவே பெட்டியின் கடமை, கருவியை எந்தவொரு புனிதமான சதவீதத்திலும் நிறுத்துவதல்ல. உள்ளுக்கும் வெளிக்கும், இன்றைக்கும் நாளைக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது. அருங்காட்சியகத் துறையும் பல பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகு இந்த முடிவை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் எல்லா ஊரிலும் 50 சதவீதம் என்ற பழைய கறாரைத் தளர்த்தி, 2014இல் இரண்டு சர்வதேசப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நிரந்தரக் காட்சிக்கும் சேமிப்புக்குமான நிபந்தனைகள் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. கனடாவின் ஸ்டெஃபான் மிகால்ஸ்கி போன்றோர் முன்வைத்த கருத்தும் இதற்குத் துணை நிற்கிறது: ஒரு மரப்பொருள் கடந்த காலத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கியிருக்கிறதோ, அந்த எல்லைக்குள் இனி வரும் மாற்றம் புதிய சேதத்தை உண்டாக்கும் வாய்ப்பு குறைவு.

இப்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கருவியும் வெல்வெட்டும் போக, சாதாரண பி-ஃப்ளாட் கிளாரினெட் பெட்டியில் காற்றுக்கு எஞ்சும் இடத்தை 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 27 டிகிரி செல்சியஸில், 65 சதவீத ஈரப்பதத்தில், அந்த 5 லிட்டர் காற்றில் இருக்கும் நீராவியின் மொத்த எடை 0.08 கிராமுக்குச் சற்று அதிகம். அதே காற்று முழுவதும் நிறைவடைய, அதாவது 100 சதவீதத்தைத் தொட, இன்னும் 0.05 கிராம்கூடத் தேவையில்லை. ஒரு துளி நீரின் எடை அது. ஈரத்துணியைப் பெட்டிக்குள் திணித்து மூடுபவர் ஒரு துளியையா உள்ளே வைக்கிறார்? மறுபக்கம், கருவியின் மரத்தை 400 கிராம் என்று வைத்தால், மரத்தின் ஈரம் ஒரே ஒரு சதவீதம் மாறுவதற்கு 4 கிராம் நீர் வேண்டும். பெட்டிக் காற்றில் உள்ள மொத்த நீராவியைப்போல் ஏறக்குறைய 50 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் பெட்டியின் இயல்பு பிடிபடும். வெளிக்காற்று இடுக்குகள் வழியாகக் கசிந்து உள்ளே வந்தாலும், ஒவ்வொரு முறையும் அது கொண்டுவரும் அல்லது கொண்டுபோகும் நீர் மிகச் சொற்பம் என்பதால் மரம் அசைந்துகொடுக்க நாட்களும் வாரங்களும் ஆகின்றன. இது நன்மை. அதே கசிவு, உள்ளே விட்டுவைத்த ஒரு கிராம் ஈரத்தை வெளியேற்ற வேண்டுமானால் பெட்டியின் காற்று முழுமையாக இருபது தடவைக்கு மேல் மாற வேண்டும். கொக்கி மாட்டிய பெட்டியில் அது ஒரு இரவில் நடக்கும் காரியம் இல்லை. அதுவரை பேட்டும் ஸ்பிரிங்கும் மூட்டுகளில் மரம் குறுக்கே வெட்டுண்டிருக்கும் முனையான வெட்டுவாயும் நூறு சதவீதக் காற்றில் ஊறிக்கிடக்கும்.

அந்த ஒரு கிராம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஊரைப் பொறுத்தது. மூச்சு சுமார் 34 டிகிரி வெப்பத்தில், நீராவி நிறைந்து வெளியேறுகிறது. ஒரு லிட்டர் மூச்சில் ஏறக்குறைய 37 மில்லிகிராம் நீர். 32 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கோயில் மண்டபத்திலோ பந்தலிலோ அந்த மூச்சு குளிர்ந்தாலும் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவே நீராகப் படியக்கூடும். குளிரூட்டிய அரங்கில், 24 டிகிரியில், அதே லிட்டரிலிருந்து 16 மில்லிகிராம் வரை படியலாம். துளையின் சுவர் மூச்சால் ஓரளவு சூடாகிவிடும், பெரும்பகுதி மூச்சு படியாமலே வெளியேறிவிடும் என்பதால் இவை உச்சவரம்புகளே; ஆனால் விகிதம் யோசிக்க வைக்கிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் பந்தலில் உச்சவரம்பு இரண்டரை கிராமுக்குள். அரங்கில் பத்து கிராமை நெருங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்தைப் பிடித்த கிளாரினெட், பின்னர் தனிக் கச்சேரிக் கருவியாகி, திருச்சியைச் சேர்ந்த ஏ. கே. சி. நடராஜனுக்கு 2008இல் சங்கீத கலாநிதியும் 2022இல் பத்மஸ்ரீயும் வாங்கித் தரும் அளவுக்கு உயர்ந்தது. அந்தப் பயணத்தில் கருவி இடம்பெயர்ந்தது திறந்த வெளியிலிருந்து குளிரூட்டிய சபாவுக்கு. கருவிக்குள் சேரும் நீரின் அளவையும் அது மாற்றியிருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தக் காலத்து வித்வான்கள் துடைத்துக்கொண்டா இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் வாசித்த காற்றே வேறு என்பது ஒரு பதில். பிளந்துபோன கருவிகள் நம் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டன, தப்பியவற்றை மட்டுமே பார்த்து நாம் முடிவு கட்டுகிறோம் என்பது இன்னொன்று.

ஆகவே முதல் வேலை பெட்டியை மூடும் முன்பே நடக்க வேண்டும். துடைதுணியைத் துளை வழியாக இரண்டு மூன்று தடவை இழுப்பதை எல்லாரும் செய்கிறார்கள், மூட்டுகளை மறந்துவிடுகிறார்கள். மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுவாய் பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். ஆண்மூட்டின் நுனியும், அது போய் உட்காரும் குழியின் அடிப்பகுதியும் வெட்டுவாய்கள். வழிந்து வரும் நீர் தேங்குவதும் அங்கேதான். அவற்றைத் துணி நுனியால் ஒற்றி எடுப்பதற்கு அரை நிமிடம் போதும். விரல்துளைகளிலும் கீகளின் அடியிலும் தங்கிய நீரை ஊதித் தள்ளி, ஒட்டிக்கொள்ளும் பேட்டின் கீழ் சிகரெட் தாளை வைத்து அழுத்தி எடுக்கலாம். தாளை அழுத்திய நிலையில் இழுக்கக் கூடாது. பேட்டின் மேல்தோல் மாட்டுக்குடலின் மெல்லிய சவ்வால் ஆனதாக இருந்தால் கிழிந்துவிடும். ரீட்டைக் கழற்றித் தனி உறையில் போட வேண்டும். மவுத்பீஸிலேயே மாட்டிவைத்தால் ரீட் கோணும், பூஞ்சையும் பிடிக்கும். பிறகு பெட்டியைத் திறந்தபடியே கால் மணி நேரம் விட்டுவிடலாம், மின்விசிறிக்கு நேரே வைக்காமல். துணி பெட்டிக்கு வெளியே உள்ள பையில் போக வேண்டும். பெட்டிக்குள் அதற்கென்று ஒரு குழி வைத்துத் தயாரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் குழியில் துணியை வைப்பது, துடைத்த வேலையைத் தலைகீழாகத் திருப்பிச் செய்வதற்குச் சமம்.

இனி அறிவுரைகளின் மோதலுக்கு வருவோம். மேலைநாட்டுக் கையேடுகளில் பெரும்பாலானவை பெட்டிக்குள் ஈரம் சேர்க்கச் சொல்கின்றன. அவை பொய் சொல்லவில்லை. பூஜ்ஜியம் டிகிரியில் நிறைந்திருக்கும் காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 26 சதவீதமாக விழுந்துவிடும். டொராண்டோவிலோ பாஸ்டனிலோ ஜனவரி மாதத்து வரவேற்பறை இப்படித்தான் இருக்கிறது. அங்கே பெட்டிக்குள் ஈரப்பொதி வைக்காமல் இருப்பதுதான் அலட்சியம். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி 70 சதவீதத்தைச் சுற்றி நிற்கும் சென்னையில், அதுவும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத மார்கழியில், அதே பொதியை ஈரமாக்கி வைப்பவர் தீயில் எண்ணெய் ஊற்றுகிறார். ஒரே மாநிலத்துக்குள்ளும் ஒரே விதி செல்லாது: அக்னி நட்சத்திரப் பிற்பகலில் திருச்சியோ மதுரையோ காயும் அளவுக்குக் கடலோரம் காய்வதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ டொராண்டோவுக்குக் குடிபெயரும் கருவிக்குத்தான் உண்மையான சோதனை. 13 சதவீத நீரோடு பழகிய மரம் ஒரே குளிர்காலத்தில் 6 சதவீதத்துக்கு இறங்க நேரிடுகிறது. மிகால்ஸ்கியின் கருத்துப்படி பார்த்தால் அந்த மரம் அதுவரை காணாத வறட்சி அது. அதற்கு ஈரப்பொதியும், முதல் குளிர்காலத்தில் குறைந்த நேர வாசிப்பும் அவசியம்.

ஈரப்பொதிகளிலும் தரம் பிரிக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலைப் பெட்டிக்குள் போடுவது கிளாரினெட்காரர்களிடையே வெகுகாலமாக இருக்கும் வழக்கம். தோலுக்கு எந்த அளவில் நிற்க வேண்டும் என்று தெரியாது. முதல் நாள் நூறை நோக்கிப் போகும், பிறகு காய்ந்து சும்மா கிடக்கும், நடுவில் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். ஈரப் பஞ்சுக் குழாய்களும் அளவறியாதவைதான், தோலைவிடச் சுத்தம் என்பது மட்டும் வித்தியாசம். செறிந்த உப்புக் கரைசல் வேறு வகை. ஒவ்வொரு உப்பும் மூடிய இடத்தில் தனக்கென்று ஓர் ஈரப்பதத்தைப் பிடித்து நிறுத்தும்: மெக்னீசியம் குளோரைடு 33, பொட்டாசியம் கார்பனேட் 43, சாதாரணச் சமையல் உப்பு 75. காற்று அதற்கு மேல் போனால் ஈரத்தை வாங்கும், கீழே போனால் கொடுக்கும். கடையில் விற்கும் இருவழிப் பொதிகளின் தத்துவம் இதுவே. மரக்கருவிகளுக்கென்று 49 சதவீதப் பொதி கிடைக்கிறது. சென்னையில் அது வாங்கும் வேலையை மட்டுமே செய்யும், செய்து செய்து உப்பிப்போகும். பெட்டி எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு சீக்கிரம் அதன் ஆயுள் முடியும். காலணிப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போடுவது நம் ஊர் வழக்கம். வீட்டில் பல மாதம் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும், சூடாக்கிக் காயவைத்தால்தான் வேலை செய்யும். நன்றாகக் காய்ந்த ஜெல்லை அதிகமாகப் போட்டாலோ அது எங்கே நிறுத்துவது என்று அறியாமல் காயவைத்துக்கொண்டே போகும். அளவிடாமல் இதில் எதையும் செய்வது குருட்டு வைத்தியம். சிறிய ஈரமானி மலிவாகக் கிடைக்கிறது. அது பொய் சொல்கிறதா என்பதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடியில் உப்பைக் கூழாக நனைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். காட்டுவதில் எத்தனை பிசகோ அத்தனையை எப்போதும் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம்.

பெட்டியின் தாமதக் குணம் முழுக்க நமக்குச் சாதகமாகும் தருணம் ஒன்று உண்டு. குளிரூட்டிய அரங்கில் 22, 23 டிகிரிக்குக் குளிர்ந்த கருவியை, 28 டிகிரியும் 80 சதவீத ஈரமும் உள்ள சென்னை இரவில் அப்படியே வெளியே கொண்டுவந்தால், அந்தக் காற்று 24 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும் என்பதால் கீகளின் மேலும் ஸ்பிரிங்குகளின் மேலும் நீர் பூக்கும். நீலமேற்றிய எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடிப்பதில் கடற்காற்றின் பங்கைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தக் கண்ணுக்குத் தெரியாத பனியைப் பற்றிப் பேசுவதில்லை. அரங்குக்குள்ளேயே துடைத்து, அங்கேயே மூடி, வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் இது நடக்காது. குளிர் அறையிலிருந்து பொருளை வெளியே எடுக்கும்போது உறையிலேயே வைத்திருந்து வெப்பம் சமமான பிறகு பிரிப்பது அருங்காட்சியகத்தார் பின்பற்றும் முறை. துடைத்த பிறகு திறந்துவைக்கச் சொல்லிவிட்டு இப்போது மூடிவைக்கச் சொல்வது முரண் போலத் தோன்றலாம். திறந்துவைப்பது அரங்கின் காய்ந்த காற்றில். மூடிவைப்பது வெளியே வரும் வழியில். குளிரூட்டி ஓடும் அறையின் காற்று வெளிக்காற்றைவிடக் காய்ந்தது என்பதால் அந்தக் கால் மணி நேரத்தை அங்கேயே செலவிடுவது இரட்டை லாபம். காரில் விட்டுப்போவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை: வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டி அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், மதியம் முழுதும் நின்றால் பேட்டுகளை ஒட்டியிருக்கும் அரக்கும் பசையும் இளகி, பேட்டுகள் இருக்கை மாறிவிடும்.

பெட்டி ஈரத்தை மட்டும் அடைப்பதில்லை, ஆவிகளையும் அடைக்கிறது. மவுத்பீஸ் பெரும்பாலும் எபொனைட். ரப்பரில் கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கியது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் அதன் மேற்பரப்பு பச்சை கலந்த பழுப்பாகிக் கந்தக அமிலத்தைக் கசியவிடும். இருண்ட பெட்டி அதற்கு நல்லது. ஆனால் அதே பெட்டியில் இருக்கும் வெள்ளி முலாம் பூசிய கீகளுக்குக் கந்தக ஆவி நல்லதில்லை. மவுத்பீஸைத் தனிச் சிறு பையில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், சில கம்பளித் துணிகள் ஆகியவையும் இதே குற்றவாளிகள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1970களில் வகுத்த சோதனை, காட்சிப்பெட்டியில் பயன்படுத்தப்போகும் துணியோ பலகையோ எதுவானாலும் அதை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு சேர்த்து அடைத்து, ஈரத்தோடு 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. எந்த கிளாரினெட் பெட்டியும் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்ததாகத் தெரியவில்லை என்றாலும், யோசிக்கும் முறை நமக்கு உதவும். பாச்சை உருண்டை விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் பேட்டிலுள்ள கம்பளியை அரிப்பது உண்மை. நீண்ட நாள் திறக்காத பெட்டிகளில்தான் அவை குடியேறும், ஆகவே மாதம் ஒரு முறை திறந்து தட்டிச் சுத்தம் செய்வதே மருந்து. வாயில் வைத்து ஊதும் கருவியை நாப்தலீன் ஆவியில் ஊறவைப்பது மருந்தாகாது.

உடல்நலத்தைப் பற்றிய பயமுறுத்தல்களையும் அளந்து பார்க்க வேண்டும். 2016இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில், பேக்பைப் வாசித்த ஒருவரின் நுரையீரல் நோய் பற்றிய ஆய்வு வந்தது. கருவியை வீட்டில் விட்டுவிட்டு வெளிநாடு போனபோது அவர் உடல்நிலை தேறியது, கருவிக்குள் பல வகைப் பூஞ்சைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒருவரின் கதையை வைத்து எல்லாக் கருவிக்கும் தீர்ப்பெழுத முடியாது. பேக்பைப்பின் தோல்பை எப்போதும் ஈரமாகவே இருப்பது. கிளாரினெட்டின் துளை திறந்த குழாய். அதைப் பெட்டிக்குள் ஈரத்தோடு அடைத்தால் மட்டும் நிலைமை அந்தப் பக்கமாக நகர்கிறது. பூஞ்சைக்கு எல்லை ஏறத்தாழ 65 முதல் 70 சதவீதம் வரை. அதைத் தாண்டி நெடுநாள் நின்றால் வளரும், 80ஐத் தாண்டினால் விரைவாக. நம் கடலோரத்தில் வெளிக்காற்றே அந்த எல்லையில் நிற்பதால், பெட்டிக்குள் சேரும் சிறு கூடுதலும் கணக்கில் வரும்.

மரக்கருவியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினால் இத்தனை தொல்லை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஏபிஎஸ் உடல் ஈரத்தில் பருக்காது, பிளக்காது. பள்ளி பாண்டுக்கும் மழையில் போகும் ஊர்வலத்துக்கும் அதையே பரிந்துரைக்கலாம். கிரெனடில்லாத் தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த உடல்களும் விரிசலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் விரிசல், வளையம், மூட்டு ஆகியவை மட்டுமே மரத்தின் பிரச்சினை. பேட், ஸ்பிரிங், கார்க், ரீட், வெள்ளி முலாம், பூஞ்சை இவை பிளாஸ்டிக் கிளாரினெட்டிலும் அப்படியே இருக்கின்றன; நீரை உறிஞ்சாத உடலிலிருந்து வழியும் நீர் முழுவதும் பேட்டுக்கே போகிறது என்று கூடச் சொல்லலாம். இதை நாகஸ்வரத்தோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரம், பல தலைமுறை காய்ந்த மரம். கீயும் இல்லை, பேட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அதன் பராமரிப்பு மரப் பராமரிப்பு. கிளாரினெட் மரமும் இயந்திரமும் சேர்ந்தது; இயந்திரத்தின் தேவை மரத்தின் தேவையைவிடக் காய்ந்த பக்கம் சாய்கிறது. நம் ஊரில் இரண்டில் ஒன்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தால் இயந்திரத்தைப் பார்ப்பதே சரி. துளைக்கு எண்ணெய் பூசுவதைப் பற்றிய பழைய சண்டையும் இந்த வெளிச்சத்தில் சிறுத்துவிடுகிறது: கிரெனடில்லாவுக்குள் எண்ணெய் ஆழமாக இறங்குவதில்லை, மேற்பரப்பில் நீரின் வேகத்தைக் குறைக்கலாம், சிந்திய எண்ணெய் பேட்டைக் கெடுப்பது நிச்சயம்.

கடைசியாக, எந்தப் பெட்டி என்ற கேள்வி. சந்தையில் இப்போது ஓடுவது இலேசான நுரைப்பஞ்சுப் பெட்டிகள், முதுகில் மாட்டிக்கொள்ளலாம். பாலியூரித்தேன் நுரை வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். உதிர்ந்த தூள் விரல்துளைகளுக்குள்ளும் பேட்டுகளின் மேலும் போய் ஒட்டும். பலகையால் கட்டி உள்ளே தடித்த வெல்வெட் போட்ட பழைய பாணிப் பெட்டி கனமானது, ஆனால் அந்தப் பலகையும் வெல்வெட்டும் தாங்களே ஈரத்தை வாங்கவும் விடவும் செய்வதால் கருவியைச் சுற்றியுள்ள காற்று மெதுவாக மாறுகிறது. குழிகள் ஒவ்வொரு துண்டையும் ஆடாமல் பிடிக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் கீகளை அழுத்தக் கூடாது. இசைத்தாள், ரீட் டப்பா, பேனா எதுவும் கருவியின் மேல் அடுக்கப்படக் கூடாது. பயண வசதிக்காக நுரைப்பெட்டியை வாங்குபவர், வீட்டில் கருவி உறங்குவதற்குப் பழைய பலகைப் பெட்டியையே வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூர்த் தச்சரும் தையற்காரரும் சேர்ந்தால் அதன் கொக்கியையும் வெல்வெட்டையும் புதுப்பித்துவிட முடியும், அடியில் போடும் பசையும் துணியும் கந்தக வாசனை இல்லாதவையா என்று மட்டும் மோந்து பார்த்துக்கொண்டால் போதும்.